ஜோடி இல்லாமல் ஸ்விங் வகுப்பில் சேரலாமா?

கேள்வி: லிண்டி ஹாப் என்ற ஸ்விங் ஜோடி நடனம் கற்க ஆசை. ஜோடி இல்லை. ஷூவும் புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: தனியாகவே போங்கள். பெரும்பாலான வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடியை மாற்றிவிடுவார்கள். ஆடும்போது ஜோடியை வழிநடத்துபவரா, பின்தொடர்பவரா என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆண், பெண் கணக்கெல்லாம் இல்லை.

1920களில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களிடையே பிறந்த நடனம் இது. தொடக்கத்தில் ஆறு எண்ணிக்கை அடவைச் சொல்லித் தருவது வழக்கம். ஒன்றில் ஒரு கால் பின்னால், இரண்டில் எடை மறுபடி முன்காலுக்கு. மூன்று-நான்கில் மூன்று குட்டி அடி, ஐந்து-ஆறில் இன்னொரு மூன்று. பலரும் சறுக்குவது அந்தப் பின்னடியில்தான். நீட்டி வைத்தால் எடை குதிகாலில் உட்கார்ந்துவிடும், அடுத்த தாளம் தப்பும். ஒரு பாத நீளமே அதிகம். ஜோடியின் கையைப் பிடிக்க, விரல்களைக் கொக்கிபோல் மாட்டினால் போதும். கட்டைவிரலால் அழுத்தினால் சுற்றும்போது அவர் மணிக்கட்டு திருகும்.

ஷூவுக்கு இப்போதே செலவு வேண்டாம். தரையைக் கவ்வும் ரப்பர் அடி மட்டும் ஆகாது: பாதம் நின்றுவிட, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பழைய, தேய்ந்த தோல் அடி ஷூ உத்தமம். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், வியர்வை கொட்டும்.