பொதுத் தொலைக்காட்சி விவாதங்களில், ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர்கொண்ட அமெரிக்கர்களான ஹிஸ்பானியர்கள், குடியேற்றம் பற்றி ஒரே குரலில் பேசாதது ஏன்?

வந்த வழி வேறு என்பதால்தான். அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் விவாத மேசையில் மூன்று ஹிஸ்பானியரை அமர்த்தினால் மூன்று வரலாறுகள் பேசும். போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். விசாக் கவலை அவர்களுக்குக் கிடையாது. கியூபாவிலிருந்து வந்தவர்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாகத் தங்கத் தனிக் கதவு திறந்தது. டெக்சாஸ் மெக்சிகோ வம்சாவளியினர் சிலரின் முன்னோர்களோ, மெக்சிகோவின் நிலம் அமெரிக்காவானபோது, எல்லைக்கோடே தங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்கள்.

டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பாருங்கள். மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள அங்கு ஏறக்குறைய அனைவரும் ஹிஸ்பானியர்களே. 1892க்குப் பின் எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரையும் ஆதரிக்காத அந்தப் பகுதி, 2024இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. அமெரிக்க எல்லைக் காவல் படையிலும் ஏறத்தாழ பாதிப் பேர் ஹிஸ்பானியர்கள். அங்கே எல்லை என்பது கொள்கை மட்டுமல்ல, மாதச் சம்பளமும்கூட. நெறியாளர்கள் 'லத்தீனோ வாக்கு' (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்கு) என்று ஒருமையில் கேட்பதுதான் எனக்கு எரிச்சல்.