மூவினப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்க்க எந்த இயக்குநரின் முதல் படத்தைப் போடலாம்?

திருகோணமலையில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து இருத்தி, இனமும் அடையாளமும் பற்றிய படம் போட வேண்டும், அதுவும் இயக்குநரின் முதல் படமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு பாடசாலை மண்டபமும் லப்டொப்பும் இரவல் புரொஜெக்டரும்தான் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் போரைப் பற்றிய படத்தோடு தொடங்காதீர்கள். பயந்து சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். முதல் பத்து நிமிடத்திலேயே ஆளாளுக்குத் தன் பக்கத்தைக் காப்பாற்றப் போய்விடுவார்கள். அந்தப் போரைப் பற்றிய ஜூட் ரட்ணத்தின் ஆவணப்படம் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2017இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்புக் கிளம்பி நிறுத்தப்பட்டது. அதை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ போடுங்கள்.

முதலில் செனகல் நாட்டு இயக்குநர் செம்பேன் உஸ்மானின் 'லா நுவார் த' (1966). அவருடைய முதல் முழுநீளப் படம், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். செனகலின் தலைநகர் டக்காரில் பிள்ளை பார்க்கச் சேர்ந்த டியுவானாவைப் பிரான்சுக்குக் கூப்பிட்டுச் சமையலும் துடைப்புமாக வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். அவள் எசமானிக்குக் கொடுத்த முகமூடியைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். டக்கார் வீட்டில் அது மற்ற ஆபிரிக்கப் பொருட்களோடு ஒன்றாக இருக்கும். பிரான்சில் வெள்ளைச் சுவரில் தனியே தொங்கும். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனை பேர்! நீங்கள் விளக்கவே தேவையில்லை.

அடுத்தது ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017), அமெரிக்க இனவாதத்தைப் பற்றிய திகில் படம், 104 நிமிடம். நாயகனை வசியப்படுத்த, தேநீர்க் கோப்பையில் கரண்டி உரசும் சத்தத்தில்தான் அந்தப் படத்தின் உயிரே இருக்கிறது. லப்டொப் ஸ்பீக்கரில் அது செத்துப்போகும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் திரைக்கு இரு பக்கமும் வையுங்கள். தகரக் கூரை மண்டபமென்றால் மாரி மழைக் காலத்தில் போடவே வேண்டாம்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) சாதிப் படம், இனப் படம் இல்லை என்று யாராவது சண்டைக்கு வரக்கூடும். வரட்டும். அடுத்தவன் இனவாதத்தைப் பேசுகிற தமிழர் தங்கள் வீட்டையும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது சப்டைட்டிலில்தான். தமிழும் சிங்களமும் பெட்டிபெட்டியாகத் தெரிந்தால், சப்டைட்டில் கோப்பினை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்து, படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளிலும் அதையே தெரிவுசெய்து, அந்த எழுத்துகள் உள்ள எழுத்துருவைக் கொடுங்கள். வசனம் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு முந்தினால், பிந்தினால் விஎல்சியில் ஜி, எச் விசைகள் போதும். ஒரு தட்டுக்கு 50 மில்லிசெக்கன். போகப்போக விலகினால் பிரேம் வேகம் (செக்கனுக்கு எத்தனை பிரேம் என்பது) பொருந்தவில்லை. 25 பிரேமுக்குச் செய்த சப்டைட்டில் கோப்பினை 23.976 பிரேம் படப் பிரதியோடு ஓட்டினால் 'கெட் அவுட்' முடிவில் வசனம் நாலு நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். ஜி, எச் தட்டிப் பயனில்லை. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றுங்கள்.

இதோடு ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். இந்த நாட்டின் சிங்களப் படங்களுக்கே தமிழில் சப்டைட்டில் கிடைப்பது அரிது. விமுக்தி ஜயசுந்தரவின் முதல் படம் 'சுலங்க எனு பினிச' 2005இல் கானில் முதல் படங்களுக்கான கமரா டோர் விருதை வென்றது. அதைத் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்துப் பார்க்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. மற்றப் பக்கமும் அப்படித்தான்: 'பரியேறும் பெருமாள்' போடுவதென்றால் சிங்கள வசனத்தை நீங்களே எழுத வேண்டிவரலாம். இரண்டு மொழியும் தெரிந்த இருவரை இப்போதே பிடித்து வையுங்கள். வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் போகவிடாதீர்கள்.