சூடானால் படுத்துக்கொள்ளும் கார்

கேள்வி: ஐயா, என்னுடையது 2009இல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பான் கார். 2019இல் சிஓஇ-யை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். சில மாதங்களாக ஒரே தொல்லை. காலையில் நன்றாக ஓடும். மாலையில் தீவு விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து வரும்போது எஞ்சின் திடீரென்று அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறையில் முதலில் பெட்ரோல் பம்ப், பிறகு ஆல்டர்னேட்டர், கடைசியாக பேட்டரி என்று மாற்றிவிட்டார்கள். ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் வரவில்லையாம். வண்டியைக் கழித்துவிடலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. பாதி விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஸ்டார்ட்டர் தெம்பாகச் சுற்றுகிறதென்றால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, அதை ஏற்றும் ஆல்டர்னேட்டரும் வேலை செய்கிறது. பிறகு எதற்கு அவற்றை மாற்றினார்கள் என்பதைப் பணம் வாங்கியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

என் சந்தேகம் கிராங்க் சென்சர் மீது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு சேர்ந்து பல் வைத்த ஒரு சக்கரம் சுற்றும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது பக்கத்தில் இருக்கும் இந்தச் சென்சர் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். எப்போது பொறி விட வேண்டும், எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று எஞ்சின் கணினி அதை வைத்தே முடிவு செய்கிறது. பல கார்களில் சென்சருக்குள் இருப்பது மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். வயதாகி எங்காவது கம்பி விண்டிருந்தால், சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காலையில் நல்ல பிள்ளை, மாலையில் முரண்டு பிடிப்பது இதனால்தான். நெரிசலில் காற்றோட்டம் இல்லை, பானட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் சில நிமிடம் அந்தச் சூடு ஏறுமே தவிர இறங்காது.

துடிப்பு நின்றால் பொறியும் பெட்ரோலும் ஒரே நொடியில் நிற்கும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் இருக்கும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் மேட்டில் இழுவை குறையும், திணறும், உலுக்கும், பிறகுதான் நிற்கும். சிலிண்டருக்கு ஒன்றாக, பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் வைத்த நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு காயில் போனால், மீதி மூன்று சிலிண்டரில் நடுங்கிக்கொண்டாவது வீடு சேர்த்துவிடும். உங்கள் வண்டி எப்படி நின்றது என்று பட்டறையில் யாராவது கேட்டார்களா?

பிழைக் குறியீடு வராததில் வியப்பில்லை. சில கணினிகள் துடிப்பு நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். குறியீடு பதிவாகியிருந்தாலும், பேட்டரியைக் கழற்றியபோது அதுவும் அழிந்திருக்கலாம். போதாததற்கு, இழுவை வண்டி வந்து சின் மிங் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும். மெக்கானிக் சாவியைத் திருப்பினால் ஜோராக ஓடும். நோய் இருக்கும்போது பிடித்தால்தான் உண்டு.

அடுத்த முறை நின்றால், எச்சரிக்கை விளக்கைப் போட்டு, உருளும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாருங்கள். எஞ்சின் அணைந்த பிறகு பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் லேசாக இருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். விரைவுச்சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி, அருகில் குறித்து வைத்திருக்கும் கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்லும். சோதனையை அங்கே, சூடு ஆறுவதற்குள் செய்யுங்கள்.

சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுப் பக்கம் ஒன்றிரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓசை வந்தால் பம்ப் உயிரோடு இருக்கிறது. பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சாதாரணமாகக் கொஞ்சம் எழும்பும். பூஜ்யத்திலேயே ஒட்டிக்கிடந்தால் துடிப்பு வரவில்லை என்று அர்த்தம். அதைக் கைபேசியில் படம்பிடித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள், வாய்வார்த்தையைவிட அதற்கு மதிப்பு அதிகம். சில கார்களில் ஸ்டார்ட் ஆகும்வரை முள் அசையாது. அப்படியானால் ஸ்கேனரில் ஓடும் ஆர்பிஎம் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டறையில் சென்சரைக் கழற்றி, மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு ஹேர் டிரையரால் சூடேற்றச் சொல்லுங்கள். சூடு ஏற ஏற மின்தடையைக் காட்டும் ஓம் அளவு மெல்ல உயர்வது இயல்பு. திடீரென்று அளவே காட்டாமல் போனால் குற்றவாளி அகப்பட்டது. இரண்டு கம்பிச் சென்சருக்குத்தான் இந்த வித்தை, மூன்று கம்பி உள்ளதற்குப் பலிக்காது. அதற்கு முன் கனெக்டரைப் பிரித்துப் பார்க்கட்டும். எண்ணெய் கசிந்து ஊறியோ, கம்பியின் உறை வெடித்தோ இருந்தால் புதுச் சென்சர் போட்டும் பயனில்லை. வாங்குவதானால் ஒரிஜினலே வாங்குங்கள், பெயர் தெரியாத பெட்டியில் வருவது வேண்டாம்.

கேள்வி: 98 பெட்ரோல் ஊற்றினால் பழைய எஞ்சினுக்கு ஆயுள் கூடுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கூடாதம்மா. அந்த எண், பெட்ரோல் சிலிண்டருக்குள் தானாகவே வெடித்து எஞ்சின் ‘நாக்’ அடிப்பதைத் தாங்கும் அளவு, சத்து அளவல்ல. கார் கையேட்டில் 95 என்று போட்டிருந்தால் 95 போதும். மிச்சமாகும் வெள்ளியில் எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பத்து வருடம் முடியப்போகிறது. கார் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. சிஓஇ ஐந்தா, பத்தா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஐந்தாண்டு எடுத்தால் அதோடு சரி, மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்தாண்டு எடுத்தால் பிறகும் புதுப்பிக்கலாம். எதுவானாலும் பத்தைத் தாண்டியதும் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. சாலை வரிக்கு 10 விழுக்காட்டில் தொடங்கும் கூடுதல் கட்டணம் 50 வரை ஏறும். முதலில் ஆயில் குச்சியில் அளவு பார்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறதென்று குறித்து வையுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அந்த இரண்டு விவரத்தோடு எழுதுங்கள், சொல்கிறேன்.