இரவில் ஊறும் ஓட்ஸ்: கேளுங்க, சொல்றேன்

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனா வேலை பாக்குறேன். ஊறவைத்த ஓட்ஸ் பத்தின சந்தேகங்களைக் கேளுங்க. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் உங்க டாக்டர்கிட்டயே காட்டுங்க.

கே: முதல் தடவை செய்யப்போறேன் அக்கா. எந்த ஓட்ஸ், எவ்வளவு பால், எவ்வளவு நேரம்? (சேலம்)

பாக்கெட்ல 'ரோல்டு ஓட்ஸ்'னு போட்டிருக்கணும். ஒருத்தருக்கு அரை கப், அதாவது 40 கிராம். காய்ச்சி நல்லா ஆறின பால் அரை கப், கெட்டித் தயிர் கால் கப், ஒரு சிட்டிகை உப்பு. சியா விதை இருந்தா ஒரு டீஸ்பூன் போடலாம், இல்லைன்னா விட்டுடுங்க. மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல எல்லாத்தையும் கொட்டி, அடி வரைக்கும் கரண்டியை விட்டுக் கிளறுங்க. அடியில காய்ஞ்சு நிக்கிற ஓட்ஸ் காலையில கட்டியாத்தான் வரும். ஃப்ரிட்ஜ்ல ஆறு மணி நேரம் போதும். பதம் சரியா இருந்தா கரண்டியைச் சாய்க்கும்போது மெதுவா வழுக்கி விழும். பால் தனியா மேலே நின்னா இன்னும் ஊறலைன்னு அர்த்தம்.

அந்த வழவழப்புக்குக் காரணம் பீட்டா குளூக்கன் என்கிற கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ் மேல எனக்கு இருக்கிற மரியாதையே அதுக்காகத்தான். தினம் 3 கிராம் உள்ளே போனா கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்க உதவும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதை 1997லேயே ஏத்துக்கிட்டு, ஓட்ஸ் பாக்கெட்ல இதயநலம் பத்தி அச்சடிக்க அனுமதி கொடுத்தது. ஆனா 40 கிராம் ஓட்ஸ்ல ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம்தான் கிடைக்கும். அதனால டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

வாழைப்பழம், மாம்பழம் எல்லாம் காலையில நறுக்கிப் போடுங்க. ஆப்பிளைத் துருவி, நாலு சொட்டு எலுமிச்சை விட்டு ராத்திரியே கலக்கலாம். மாதுளை எப்ப வேணும்னாலும் சேர்க்கலாம்.

கே: அன்னாசி போட்டேன், காலையில ஒரே கசப்பு. பால் கெட்டுப்போச்சா? (கும்பகோணம்)

பால் கெடலை. அன்னாசியில புரோமலைன்னு ஒரு நொதி இருக்கு. அது பால் புரதத்தை உடைக்கும்போது கசப்பு வரும். கிவி, பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். சாப்பிடப்போற நேரத்துல போட்டா பிரச்சினை இல்லை. இல்லைன்னா அன்னாசித் துண்டை அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு ஆறவச்சுப் போடுங்க.

கே: ராத்திரி வெளியே வைக்கலாமா?

வேண்டாம். ஃப்ரிட்ஜ்.

கே: வேகவைக்காத பச்சை ஓட்ஸ் செரிக்குமா? ஊறவச்சா ஃபைட்டிக் அமிலம் போயிடும்னு சொல்றாங்களே? (நாகர்கோவில்)

ரோல்டு ஓட்ஸ் பச்சை இல்லைங்க. ஆலையில ஆவியில வேகவச்சுத்தான் தட்டையா அழுத்துறாங்க. ஃபைட்டிக் அமிலம்னா தானியத்துல இருக்கிற, இரும்புச்சத்தை உடம்பு பிடிச்சுக்க விடாம தடுக்கிற பொருள். ஆலையோட அந்தச் சூட்டுல அதை உடைக்கிற நொதி பெருமளவு செயலிழந்துபோகுது. அதனால ஒரு ராத்திரி ஊறினதும் அது காணாமப்போயிடும்னு சொல்றது மிகை. அதைவிட எளிய வழி, கூடவே ஒரு கொய்யா சாப்பிடுறது. 100 கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு, இரும்புச்சத்தை உடம்பு பிடிச்சுக்க அது உதவும்.

கே: எங்க வீட்டுக்காரருக்குச் சுகர். தேன் ரெண்டு ஸ்பூன், பேரீச்சை நாலு போட்டுத் தர்றேன், சரிதானே? (திருப்பூர்)

சரியில்லம்மா. தேனும் சர்க்கரைதான். ஒரு டேபிள்ஸ்பூன்லயே 17 கிராம் பக்கம் இருக்கு, அதுகூட நாலு பேரீச்சை வேற. ரெண்டையும் விட்டுட்டு அரை ஆப்பிள் அல்லது ஒரு கைப்பிடி மாதுளை போடுங்க, ஆறேழு பாதாம் சேருங்க. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் அவருக்கு வேண்டவே வேண்டாம். ரோல்டு ஓட்ஸோட கிளைசெமிக் இண்டெக்ஸ் (ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமா ஏத்தும்ங்கிற அளவு) 55 பக்கம், இன்ஸ்டன்ட் 75ஐத் தாண்டும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுலயே சுகர் பாத்து எழுதிவைங்க. அவருக்கு எது ஒத்துக்குதுன்னு அந்தக் கணக்கு சொல்லிடும்.

கே: தைராய்டு மாத்திரை போட்டதும் சாப்பிடலாமா?

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க.

கே: கிச்சன் மேடையிலயே வச்சா ஊறாதா? எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இடமில்லை.

ஊறும், கெடவும் செய்யும். மேலே சொல்லிட்டேன்.

கே: பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியேதானே ஊறுது? தயிரும் வெளியேதான் உறையுது. ஓட்ஸுக்கு மட்டும் ஃப்ரிட்ஜ் எதுக்கு? முதல்ல, பழைய சோறும் கம்பங்கூழும் இருக்கிற ஊர்ல ஓட்ஸே எதுக்கு? (விருதுநகர்)

அண்ணா, இதுவரைக்கும் வந்ததுல இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி.

தயிருக்குப் பாலைக் கொதிக்கவச்சு, ஆறினதும் உறை ஊத்துறோம். பால்ல இருந்த கிருமிகள் பெரும்பாலும் கொதியிலயே செத்திருக்கும், உறையில இருக்கிற நல்ல பாக்டீரியா எண்ணிக்கையில முந்திக்கிட்டுச் சீக்கிரம் புளிப்பைக் கொண்டுவருது. பழைய சோத்துலயும் அந்தப் புளிப்புதான் காவல். ஆனா ஓட்ஸ் உலர்ந்த தானியம், அதோட சேர்ந்து கிருமிகளோட வித்துகளும் (ஈரமும் சூடும் கிடைச்சா முளைச்சுப் பெருகுறவை) பாட்டிலுக்குள்ள வரும். சென்னையில மே மாச ராத்திரி 27, 28 டிகிரியிலதான் நிக்கும். பாலும் ஈரமும் அந்தச் சூடும் சேர்ந்தா எந்தக் கிருமி முந்தும்னு சொல்ல முடியாது. பழைய சோத்துக்கும் இந்தக் கவனம் வேணும். மதியம் வடிச்ச சோத்தைச் சாயங்காலம் வரை அப்படியே போட்டுவச்சுட்டு அப்புறம் தண்ணி ஊத்தாதீங்க.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். கம்பங்கூழை விட்டுட்டு ஓட்ஸுக்கு மாறுங்கன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. இரும்புச்சத்துல கம்பு நல்லாவே நிக்கும். பீட்டா குளூக்கன்தான் ஓட்ஸோட பலம், அது கம்புல அந்த அளவு கிடையாது. பார்லியில உண்டு.

கே: அதே விருதுநகர்தான். அப்போ ஓட்ஸ் வெறும் விளம்பரத்தால வந்த பழக்கம்னு ஒத்துக்கோங்க.

மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுக்கு அது பொருந்தும், அதுல உப்பு அதிகம். ஊறவச்சுப் பழத்தோட சாப்பிடுற முறை பழசு அண்ணா. சுவிட்சர்லாந்துல சூரிச் நகரத்து டாக்டர் மாக்ஸிமிலியன் பிர்ச்சர் பென்னர் 1900 வாக்குல தன் நோயாளிகளுக்குக் கொடுத்தது. அவர் கிண்ணத்துல ஓட்ஸ் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன். மிச்சமெல்லாம் தோலோட துருவின ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, பொடிச்ச கொட்டைகள், கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க். பழம்தான் சாப்பாடு, ஓட்ஸ் அதுக்குத் துணை. இப்போ நாம ஒரு கப் ஓட்ஸ் மேல நாலு துண்டு ஸ்ட்ராபெர்ரியை வச்சுட்டு 'ஹெல்தி'ங்கிறோம். நம்ம கொய்யாவும் மாதுளையும் பாதிக் கிண்ணத்தை நிரப்பணும்.

கே: ஓட்ஸ் வாங்காம இதே மாதிரி நம்ம ஊர்ப் பொருள்ல செய்யலாமா? (விருதுநகருக்கு ஆதரவா, தேனி)

தாராளமா. சிவப்பு அவல் கெட்டி ரகம் அரை கப், ரெண்டு தடவை அலசி, கால் மணி நேரம் தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சு தயிர்ல போடுங்க. ஏலக்கிப் பழம் ஒண்ணு, தேங்காய்த் துருவல், வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. நார்ச்சத்து ஓட்ஸை விடக் குறைவு, அதனால பழத்தைக் கூட்டிக்கோங்க.

கே: ஒன்பது மாசக் குழந்தைக்கு ஊறவச்ச ஓட்ஸ் தரலாமா?

தண்ணியில குழைய வேகவச்சு, மசிச்ச வாழைப்பழம் சேர்த்துக் கொடுங்க. ஒரு வயசு வரைக்கும் தேன் ஒரு சொட்டு கூடக் கூடாது. முழுப் பாதாம், வேர்க்கடலை தொண்டையில அடைச்சுக்கும், பொடியாத்தான் தரணும்.

கே: ஞாயித்துக்கிழமை ஒரேயடியா வாரத்துக்கும் செஞ்சு வைக்கலாமா? (ஓசூர்)

வாரம் முழுக்க வேண்டாம், பழம் போடாம மூணு நாளைக்குச் செய்யுங்க. மூணாம் நாள் ரொம்பக் கெட்டியா இருந்தா ரெண்டு ஸ்பூன் பால் விட்டுக் கிளறிக்கோங்க.