மண்ணில் வாழும் குற்றிழை உயிரிகள்: கேள்வி பதில்

மண்ணைத் தண்ணீரில் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். எதுவும் ஓடவில்லையே?

நுண்மயிர் போன்ற குற்றிழைகளால் நகரும் ஒருசெல் உயிரிகள் இவை. பெரும்பாலானவை உறைக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். மண்ணை ஒரு மாதமாவது உலரவிடுங்கள். அப்புறம் பெட்ரித் தட்டில் பரப்பி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். மூழ்கடிக்காதீர்கள். தட்டைச் சாய்த்து விரலால் மெல்ல அழுத்தினால் கொஞ்சம் நீர் வடிய வேண்டும், அவ்வளவுதான். அந்த வடிநீரை 2, 6, 12, 20, 30ஆம் நாள்களில் பாருங்கள். முதலில் கோல்போடா என்ற குற்றிழை உயிரி வரும். சில இனங்கள் வாரங்கள் கழித்தே தலைகாட்டும். ஆஸ்திரியாவின் குற்றிழை உயிரி ஆய்வாளர் வில்ஹெல்ம் ஃபாய்ஸ்னர் நூற்றுக்கணக்கான புதிய இனங்களை விவரிக்க உதவிய முறை இது.

தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கிறது. பரவாயில்லையா?

மூழ்கடிக்காதீர்கள் என்றேனே. இவை மண்துகளைச் சுற்றிய மெல்லிய நீர்ப்படலத்தில் வாழ்பவை. புதிதாகத் தொடங்குங்கள்.

சிறுநீரக வடிவம், 60 மைக்ரோமீட்டர். படம் இணைத்துள்ளேன். என்ன இனம்?

வாய் பக்கவாட்டுக் குழிவில் இருப்பதால் கோல்போடா எனலாம். இனம் சொல்ல மாட்டேன். அதன் இனங்களான குக்குல்லஸ், இன்ஃப்ளேட்டா இரண்டுமே அந்த அளவில் வரும். உயிரோடு இருக்கும்போதே நீள அகலம், பெருங்கரு (இரு வகைக் கருக்களில் பெரியது), சுருங்கும் குமிழ் (மிகுநீரை வெளியேற்றும் குமிழ்) இருக்கும் இடம் எல்லாவற்றையும் வரைந்துகொள்ளுங்கள். பிறகு குற்றிழை வரிசைகள் தெளிவாகத் தெரிய வெள்ளிச் சாயம் ஏற்றி, அவற்றை எண்ணுங்கள். ஒரு செல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல செல்களை அளக்க வேண்டும்.

என் படத்தில் இருப்பது?

மேலே சொன்னதேதான். படம் மட்டும் போதாது.

டிஎன்ஏ வரிசை எடுத்தால் போதுமே, சாயம் எதற்கு?

அந்த வரிசைக்கு எந்தப் பெயரை ஒட்டுவீர்கள்? யாரோ ஒருவர் செல்லைப் பார்த்து வைத்த பெயரைத்தானே! பார்த்தவர் தவறியிருந்தால் அந்தத் தவறும் கூடவே வரும்.

டெட்ராஹைமெனா என்ற குற்றிழை உயிரியில் உருவம் ஒன்று, மரபணு வேறு என்று இனங்கள் உண்டே?

உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அங்கே உருவம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். ஆனால் வரிசை எடுக்கும்போது செல் அழிந்துவிடும். ஆகவே முதலில் பாருங்கள், வரையுங்கள்.

அமீபாக்களை எப்படிப் பிரிப்பது?

என் துறை இல்லை. அமீபா ஆய்வாளரைக் கேளுங்கள்.

பூஞ்சை இழையில் ஏதோ ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது.

அருமை! பூஞ்சை தின்னும் குற்றிழை உயிரிகளான குரோஸ்குளோக்னேரியா குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். வாயில் உள்ள நுண்குழாயால் பூஞ்சையின் சுவரைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும். அந்தத் தட்டை அப்படியே வைத்திருங்கள், நாளையும் பாருங்கள்.