குறைந்த காற்றில் கைட்போர்டிங்: எந்தக் கருவியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வடகிழக்கு வாடை ஓய்ந்து, தெற்கிலிருந்து வரும் சோளகம் பிடிக்காத ஏப்ரல் வாரங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும், ராமேசுவரம், தூத்துக்குடி, இலங்கையின் கற்பிட்டி கரைகளில் கைட் ஓட்டுபவர்கள், அதாவது பெரிய துணிப் பட்டம் இழுக்கப் பலகைமேல் நின்று கடலில் ஓடுபவர்கள், கேட்பவை பெரும்பாலும் ஒரே வகைக் கேள்விகள்தான். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். காற்றின் வேகத்தை நாட் கணக்கில் சொல்கிறேன். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

கேள்வி: ஐயா, என் எடை 78 கிலோ. 12 சதுர மீட்டர் கைட்டும் இரு முனையும் ஒன்றுபோல இருக்கும் 138 செ.மீ. ட்வின் டிப் போர்டும் வைத்திருக்கிறேன். 17 சதுர மீட்டர் கைட் வாங்கினால் 8 நாட் காற்றில் ஓட்ட முடியுமா?

பதில்: முடியாது. கடைக்காரர் என்ன சொல்லியிருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். காற்றின் இழுவிசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே 12 நாட் காற்று 8 நாட்டாகக் குறைந்தால் இழுவை மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதில்லை. பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உங்கள் 12 சதுர மீட்டர் கைட் 15 நாட்டில் உங்களை நன்றாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இழுவையை 8 நாட்டில் பெற வேண்டுமென்றால் ஏறக்குறைய 42 சதுர மீட்டர் துணி வேண்டும். அப்படி ஒரு கைட்டை யாரும் ஓட்டுவதில்லை. 17 சதுர மீட்டர் கைட் உங்களுக்குத் தருவது இரண்டரை நாட் லாபம் மட்டுமே, அதாவது 15 என்ற எல்லை பன்னிரண்டரைக்கு இறங்கும். பெரிய கைட்டின் எடையும் அது திரும்பும் மந்தமும் அந்த லாபத்திலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 8 நாட்டில் அந்தக் கைட் வானத்தில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கைட் நிற்பது வேறு, போர்டு நீர்மேல் எழுந்து ஓடுவது வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். எவ்வளவு காற்றில் ஓட்டலாம் என்று சொல்லிக் கைட்டுடன் வரும் காற்று அட்டவணை பொதுவாக 75 கிலோ அளவுள்ள, நன்கு பழகிய ஒருவரை மனத்தில் வைத்துப் போடப்படுவது. நம் கரையின் 32 டிகிரி வெப்பக் காற்று, 10 டிகிரி குளிர்க் காற்றைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அடர்த்தி குறைந்தது என்பதால், அதே 10 நாட் இங்கே சற்று மெலிவாகவே இழுக்கும்.

கேள்வி: அப்படியானால் முதலில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: போர்டை. 160 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட, வளைவு குறைந்த தட்டையான போர்டு ஒன்று, உங்களிடம் இருக்கும் அதே 12 சதுர மீட்டர் கைட்டுடன் உங்கள் எல்லையை ஒன்று அல்லது இரண்டு நாட் கீழே இறக்கும். புதிய பெரிய கைட்டைவிட அதன் விலையும் குறைவு. ட்வின் டிப்பை விட மாட்டேன் என்பவருக்கு, பெரிய போர்டும் பெரிய கைட்டும் சேர்ந்தாலும் 11, 12 நாட்டுக்குக் கீழே நிம்மதியான ஓட்டம் கிடையாது.

கேள்வி: போர்டுக்கு அடியில் நீருக்குள் இறக்கை பொருத்திய ஹைட்ரோஃபாயில் இருந்தால் 8 நாட்டில் போகலாம் என்கிறார்களே?

பதில்: போகலாம், பழகியவர்கள் போகிறார்கள். காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் நீருக்குள் இருக்கும் ஒரு சிறிய இறக்கை உங்கள் முழு எடையையும் தூக்கிவிடுகிறது. போர்டு நீரைவிட்டு எழுந்தவுடன் உராய்வு பெருமளவு மறைகிறது, வேகம் கூடுகிறது, அந்த வேகமே கைட்டுக்குக் கூடுதல் காற்றாகிறது. உங்கள் எடைக்கு 1200 முதல் 1500 சதுர செ.மீ. பரப்புள்ள முன் இறக்கையும், எடை குறைந்த 12 சதுர மீட்டர் கைட்டும் 9, 10 நாட்டுக்குப் போதும்.

ஆனால் எழுவதற்குத் தேவையான காற்று, எழுந்தபின் ஓடுவதற்குத் தேவையான காற்றைவிட அதிகம். ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவர் 7 நாட்டிலும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நீங்கள் அதே 7 நாட்டில் தண்ணீரில் உட்கார்ந்தால், எழவே முடியாமல் போகலாம். ஃபாயில் பழக 12 முதல் 15 நாட் சீரான காற்றே நல்லது. முதலில் 60 செ.மீ. குட்டை மாஸ்ட் (போர்டையும் இறக்கையையும் இணைக்கும் தண்டு), தலைக்கவசம், மார்பைக் காக்கும் உடை ஆகியவற்றுடன் தொடங்குங்கள். இறக்கையின் விளிம்பு காலைக் கிழித்துவிடும். குறைந்த காற்றுக்காக ஃபாயில் வாங்குபவர்கள் முதல் நாளே குறைந்த காற்றில் இறங்குவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நல்ல கருவியை வைத்துக்கொண்டு மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: 2024 ஒலிம்பிக்கில் மார்செய்யில் 6, 7 நாட்டிலேயே பறந்தார்களே, அது எப்படி?

பதில்: அவர்கள் ஓட்டுவது காற்றுப்பை இல்லாத, இரட்டைத் துணி அறைகளால் ஆன பந்தயக் கைட், அதற்குக் கீழே கார்பன் ஃபாயில். வீசும் காற்றைப்போல் இரண்டு மடங்கு வேகத்துக்கும் மேலாக அவர்கள் ஓடுவதால், கைட் உணர்வது 6 நாட் அன்று, அதைவிடப் பன்மடங்கு வலுவான காற்றை. கைட் ஒருமுறை தண்ணீரில் விழுந்தால் அந்தக் காற்றில் மீண்டும் எழுப்புவது அவர்களுக்கே கடினம். அத்தகைய வீரர்கள் கூடியிருந்தும், காற்று போதாமல் அங்கே பந்தயங்கள் தள்ளிப்போயின.

கேள்வி: காற்று குறைந்ததும் என் கைட் பின்பக்கமாகச் சரிந்து விழுகிறது. கைட்டில் குறையா?

பதில்: பெரும்பாலும் குறை, கைட்டைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிக் கம்பியான பாரைப் பிடிக்கும் கையில்தான். காற்று தளர்ந்தவுடன் இழுவை வேண்டி எல்லோரும் பாரை நெஞ்சுவரை இழுக்கிறார்கள். பாரிலிருந்து கைட்டின் பின்பக்கத்துக்குப் போகும் கயிறுகளான பின் லைன்கள் விறைத்து, கைட்டின் பின்விளிம்பு கீழே வளைந்து, துணிமேல் ஓடிக்கொண்டிருந்த காற்று பிரிந்துவிடுகிறது. அடுத்த நொடி கைட் முன்னால் போவதை நிறுத்தி, பின்விளிம்பு முதலாகக் கீழே இறங்கும். அப்போது பாரை முழுவதும் வெளியே விடுங்கள். முன் லைன்கள் இறுகி, கைட் மூக்கை நீட்டி மறுபடி பறக்கத் தொடங்கும். அதன்பிறகு ஒரே இடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழுமாக வீசி ஓட்டுங்கள்; குறைந்த காற்றில் நிற்கும் கைட்டுக்கு இழுவை இல்லை. கரையில் பின் லைன்களைச் சற்று நீட்டிக் கட்டிப் பார்ப்பதும் பயன் தரும்.

கேள்வி: கையடக்கக் காற்றுமானியில் 7 நாட் காட்டுகிறது, மற்றவர்கள் ஓட்டுகிறார்களே?

பதில்: மானி உங்கள் தோள் உயரத்தில் இருக்கிறது, கைட் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே காற்று வலுவாக இருக்கும். பனங்கூட்டத்துக்கோ மணல் மேட்டுக்கோ பின்னால் நின்று அளந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். கடலில் வெள்ளை நுரை ஆங்காங்கே தெரியத் தொடங்கினால் 10 நாட்டை ஒட்டி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: குறைந்த காற்று என்பதால் ஆபத்தும் குறைவுதானே, ஐயா?

பதில்: காற்று அறவே நின்றுபோவதுதான் இதில் உள்ள ஆபத்து. பருவம் மாறும் மாதங்களில் காலையில் வீசும் மெல்லிய காற்று பல நாள் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அதில் இறங்கவே கூடாது. பிற்பகலில் கடற்காற்று எழும்வரை காத்திருங்கள். கரைநோக்கி வீசும் காற்றிலும், நீந்தித் திரும்பக்கூடிய தூரத்தைத் தாண்டாதீர்கள். காற்றடைத்த ட்யூப் கைட் 5 நாட்டில் தண்ணீரிலிருந்து எழாது. லைன்களைப் பாரில் சுற்றிக்கொண்டு கைட்டை அடைந்து அதைப் பிடித்தபடியே மிதந்து வாருங்கள். அதை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். காற்றுப்பை இல்லாத கைட்டில் நேரம் ஆக ஆகத் தண்ணீர் புகுந்து கனக்கும் என்பதால், அதை வைத்திருப்பவர்கள் இன்னும் கரையோரமாகவே இருக்க வேண்டும்.

ஃபாயில் வைத்திருப்பவர்கள் பாக் விரிகுடாவின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். 85 செ.மீ. மாஸ்ட்டுக்கு இடுப்பளவுத் தண்ணீர் போதாது. அங்குள்ள கடற்புல் படுகைகள் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். 2022இல் தமிழ்நாடு அரசு அந்தக் கடலின் ஒரு பகுதியைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. இறக்கை புல்லில் சிக்கினால் நீங்கள் தலைகீழாக விழுவீர்கள், புல்லும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். நண்டு வலை எங்கே விரித்திருக்கிறது, எவ்வளவு தூரம் நடந்தால் ஆழம் கிடைக்கும் என்பதை இறங்குவதற்கு முன் அந்தக் கரையின் மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.