மேலே கவிதை, கீழே கணிகை

கேள்வி: தாத்தா வைத்திருந்த ஜப்பானியப் படத்தில் அலங்கரித்த பெண், மேலே கவிதை. மரக்கட்டை அச்சுதானா? எப்படிக் காப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் இயந்திர அச்சு. கட்டை அச்சில் நிறம் தாளின் பின்புறம்வரை ஊறியிருக்கும். ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானின் சுழல் தடமும் அங்கே தெரியும். நிறத்துக்கொரு கட்டை என்பதால் ஓரத்தில் சாயம் இம்மி விலகியிருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கிய கட்டையிலும் இதெல்லாம் இருக்கும். வயதை இதை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

இடுப்புப் பட்டையை முன்பக்கம் முடிந்திருந்தால் அநேகமாகக் கணிகை. கவிதை 5-7-5-7-7 என 31 அசை கொண்ட ‘வாகா’வாக இருக்கக்கூடும்.

பழைய படங்கள் பலவற்றில் நீலம் நம் வரப்புக் கானாவாழையின் இனப் பூச்சாயம். வெயிலில் வெளிறும், நீர் பட்டால் கரையும். மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். செல்லோடேப் ஒட்டாதீர்கள், கறை போகாது. பிரேம் கண்ணாடி தாளைத் தொட்டால் ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி விடச் சொல்லுங்கள்.